மறைந்து நின்று எய்யும் வில்

2025 ஜூன் 14ஆம் நாள் இரவு திருவனந்தபுரம் வானூர்தி நிலையத்தில் அழையா விருந்தாளி ஒன்று வந்து இறங்கியது. பிரித்தானியக் கடற்படையின் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பிய எஃப்-35பி போர் விமானம் அது. கேரளக் கரைக்கு அப்பால் வானிலை கெட்டு, எரிபொருளும் குறைந்துபோக, அடைக்கலம் தேடி வந்தது. வந்த இடத்தில் அதன் ஹைட்ராலிக் அமைப்பில் பழுது கண்டார்கள். முதலில் மழையில் நனைந்துகொண்டும், பின்னர் ஒரு கொட்டகைக்குள்ளும் ஜூலை 22 வரை அது அங்கேயே கிடந்தது. பத்துக் கோடி டாலருக்கும் மேல் விலை பெறும் பொறி அது. கேரளச் சுற்றுலாத் துறை அதனைத் தென்னை மர நிழலில் நிறுத்திப் படம் போட்டு, ஊர் அழகில் மயங்கி அது திரும்பிப் போக மறுப்பதாக விளம்பரம் செய்தது. நாமும் சிரித்தோம்.

எல்லையைத் தாண்டினால் திருவனந்தபுரம் என்னும் தொலைவில் இருப்பதால், நம் பங்கு இளைஞர்களுக்கு அந்த ஐந்து வாரமும் வேறு பேச்சே இல்லை. ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து, கொடிமரத்தின் அருகே நின்று, அமெரிக்காவின் எஃப்-22 பெரிதா, எஃப்-35 பெரிதா, இரஷ்யாவின் சு-57 வந்தால் என்னாகும், சீனாவின் ஜே-20 எங்கே நிற்கும் என்று வாதாடினார்கள். நாளிதழ் ஒன்றில் வந்த ஒப்பீட்டு அட்டவணையை ஒருவர் வெட்டியெடுத்து வைத்திருந்தார். வேகம், உயரம், தொலைவு, சுமக்கும் குண்டின் எடை, விலை என ஐந்து பத்திகள். “எது சாமி சிறந்தது?” என்று நம்மிடமே கேட்டுவிட்டார்கள். பங்குத்தந்தைக்கு இதெல்லாம் தெரியாது என்ற குறும்பு அக்கேள்வியில் இருந்தது. தெரிந்துகொண்டே விடை சொல்வது என்று நாமும் முடிவு செய்தோம். சில மாதங்களாகத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை. விடை அவர்களுக்கு உவப்பாய் இராது.

‘ஸ்டெல்த்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ‘மறை’ என்னும் அடைமொழியைச் சிலர் ஆள்கிறார்கள். மறை விமானம். மறையுரை, மறைக்கல்வி, மறைமாவட்டம், மறைசாட்சி என்று அச்சொல்லோடு வாழ்ந்து பழகிய நமக்கு இது காதில் உறுத்துகிறது. ஆயினும் வேறு நல்ல சொல் அகப்படாமையால் நாமும் அதையே ஆள்கிறோம். வாசகர் பொறுத்தருள்க.

மறை விமானம் கண்ணுக்குப் புலப்படாத விமானம் என்று பலர் எண்ணுகின்றனர். அது கண்ணுக்கு நன்றாகத் தெரியும், காதுக்கும் கேட்கும். அது ஏமாற்ற முயல்வது ரேடாரை. ரேடார் வானொலி அலைகளை வீசுகிறது. அவை எதிலேனும் பட்டுத் திரும்பினால், அங்கே ஒரு பொருள் உண்டு என்று அறிகிறது. பட்ட அலையை வந்த வழியே திருப்பி அனுப்பாமல் பக்கவாட்டில் சிதறடிக்கும்படி உடலைச் சாய்வு சாய்வாகச் செதுக்கினால், எஞ்சியதை உறிஞ்சும் பூச்சினை மேலே பூசினால், குண்டுகளையும் ஏவுகணைகளையும் இறக்கையில் தொங்கவிடாமல் வயிற்றுக்குள் வைத்து மூடினால், ரேடாருக்குத் திரும்பிச் செல்லும் எதிரொலி மிகச் சிறிதாகிவிடும். இதில் இயற்கையின் கணக்கு ஒன்று உண்டு. எதிரொலியைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைத்தால்தான் ரேடார் கண்டுகொள்ளும் தொலைவு பாதியாகும். அத்தொலைவைப் பத்தில் ஒன்றாக்க வேண்டுமென்றால் எதிரொலியைப் பத்தாயிரத்தில் ஒன்றாக்க வேண்டும். ஆதலால்தான் ஒரு திருகாணியின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருப்பதற்கும், பூச்சில் ஒரு கீறல் விழுவதற்கும் அவ்வளவு அஞ்சுகிறார்கள். செலவு அத்தனையும் இந்த அச்சத்தில்தான் போய் விழுகிறது.

இந்தக் கலையின் பிறப்பே ஒரு வேடிக்கை. அலைகள் விளிம்புகளில் பட்டுச் சிதறும் விதத்தைக் கணக்கிடும் வழியை 1962இல் நூலாக வெளியிட்டவர் பியோத்தர் உஃபிம்த்சேவ் என்னும் சோவியத் அறிஞர். அவர் நாட்டார் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. 1971இல் அமெரிக்க விமானப்படை அந்நூலை மொழிபெயர்த்தது; லாக்ஹீட் நிறுவனத்தின் கணித அறிஞர் ஒருவர் அதைப் படித்துப் பொருள் கண்டார்; எஃப்-117 பிறந்தது. பகைவனை வெல்லப் பகைவனின் ஏட்டுச் சுவடியே உதவிற்று.

இனி இளைஞர் கேட்ட ஒப்பீட்டுக்கு வருவோம். வானில் ஒருவரையொருவர் எதிர்த்து நிற்பதே அளவுகோலாயின், எஃப்-22க்கே முதலிடம் என்பதில் ஐயம் குறைவு. 1997இல் முதன்முதல் பறந்து, 2005இல் படையில் சேர்ந்தது. எரிபொருளை வாரி இறைக்கும் பின்னெரிப்பான் இல்லாமலேயே ஒலியைவிட ஒன்றரை மடங்கு வேகத்தில் நெடுந்தொலைவு செல்லும். அறுபதாயிரம் அடி உயரத்தில் திரியும். எஞ்சின் வாயையே திருப்பி வளைந்து பாயும். 750 விமானம் கட்ட வேண்டுமென்று தொடங்கி, படைக்கென 187உடன் நிறுத்திக்கொண்டார்கள். வேறு எந்த நாட்டுக்கும் விற்கக் கூடாதென்று அமெரிக்கப் பாராளுமன்றமே தடை போட்டது. ஆகவே அது சந்தைக்கு வராத சரக்கு.

எஃப்-35 அத்துணை விரைவானதன்று. ஒற்றை எஞ்சின், ஒலியைப்போல் 1.6 மடங்கு வேகம். அதன் வலிமை கண்ணில் இருக்கிறது. உடலைச் சுற்றிலும் பதித்த ஆறு கருவிகள் காண்பதை விமானியின் தலைக்கவசத்துக்குள் காட்டுவதால், தம் காலடியில் உள்ள தரையையும் அவர் விமானத்தின் உடலை ஊடுருவிப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். 2015இல் பணிக்கு வந்தது. ஆயிரத்துக்கு மேல் கட்டிவிட்டார்கள். ஆனால் 2023 மார்ச்சில் அமெரிக்கப் படையிடம் இருந்தவற்றுள் ஏறத்தாழ 55 விழுக்காடுதான் பணிக்கு ஆயத்தமாக இருந்தன என்று அந்நாட்டு அரசின் கணக்காய்வு அலுவலகமே எழுதியது. அதன் வாழ்நாள் முழுவதற்குமான செலவு இரண்டு இலட்சம் கோடி டாலருக்கு மேல் என்பதும் அதே அலுவலகத்தின் மதிப்பீடு. திருவனந்தபுரத்து மழையில் நின்ற அந்த விருந்தாளியை நினைத்துக்கொள்க.

சீனாவின் ஜே-20, 2011 ஜனவரி 11 அன்று முதலில் பறந்தது; அன்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் பெய்ஜிங்கில் விருந்தினராய் இருந்தார். பெரிய உடல், நெடுந்தொலைவுப் பயணம், முன்புறத்தில் சிற்றிறக்கைகள். நல்ல எஞ்சினுக்காக நெடுங்காலம் இரஷ்யாவை எதிர்பார்த்து, பின்னர் சொந்த எஞ்சினுக்கு மாறியது. இரஷ்யாவின் சு-57 வளைந்து திரும்புவதில் வல்லது. மறைதிறனில் மற்றவற்றுக்குப் பின்னால் நிற்கிறது என்பது மேலைநாட்டு வல்லுநர் பலரின் கருத்து. அதனோடு ஒட்டிய கூட்டுத் திட்டத்திலிருந்து 2018இல் இந்தியா விலகிக்கொண்டது. 2024 ஜூனில் போர்முனையிலிருந்து ஏறத்தாழ 590 கிலோமீட்டர் உள்ளே, தன் நிலையத்தில் நின்றுகொண்டிருந்த சு-57 ஒன்றை ஆளில்லா விமானத்தால் தாக்கியதாக உக்ரைன் அறிவித்தது. தரையில் நிற்பதை எந்தப் பூச்சும் மறைக்காது. துருக்கியின் ‘கான்’, தென்கொரியாவின் கேஎஃப்-21 ஆகியவை இன்னும் வளரும் பிள்ளைகள், அவற்றை விட்டுவிடுவோம்.

இவ்வளவும் சொன்னபின் ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். அட்டவணையின் மிக முக்கியமான பத்தியில் இருப்பது வெறும் ஊகம். எஃப்-22 ரேடாருக்குக் கோலிக்குண்டு அளவு தெரியும், எஃப்-35 கோல்ஃப் பந்தளவு தெரியும் என்றெல்லாம் எண்கள் உலவுகின்றன. மெய்யான எண்களைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். எத்திசையிலிருந்து, எந்த அலைநீளத்தில் என்பதைப் பொறுத்து அவை மாறவும் செய்யும். பூட்டிய பெட்டிகளின் எடையை வெளியிலிருந்து ஒப்பிடும் வாணிகம் இது. மேலும், நாமறிய இன்றுவரை ஒரு மறைவிமானம் மற்றொரு மறைவிமானத்தோடு வானில் போரிட்டதே இல்லை. வானத்து வேந்தன் எனப்பெற்ற எஃப்-22 வானில் வீழ்த்தியவை எவை தெரியுமா? 2023 பிப்ரவரி 4 அன்று தென் கரோலினாக் கரைக்கு அப்பால் சீன பலூன் ஒன்று. அடுத்த வாரத்தில் அலாஸ்காவிலும் கனடாவிலும் இன்னதென்று அடையாளம் தெரியாத இரு பறக்கும் பொருள்கள். அவ்வளவே.

அப்படியாயின் மறைவிமானங்கள் மெய்யாகவே செய்துவந்த தொழில் யாது? இளைஞரின் அட்டவணையில் அதற்குப் பத்தியே இல்லை.

1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரின்போது நாம் குருமடத்தில் இறையியல் வாசலில் நின்ற மாணவராயிருந்தோம். எஃப்-117 வீசிய குண்டு ஒரு கட்டடத்தின் காற்றுத்துளை வழியே நுழைவதைத் தொலைக்காட்சியில் மீண்டும் மீண்டும் காட்டினார்கள். பொழுதுபோக்கு அறையில் கூடி நின்று வாய்பிளந்து பார்த்தோம். ஒருவர் கைதட்டினார், மற்றவர் அவரைத் தடுக்கவில்லை. கொடிமரத்தடி இளைஞரைக் கடிந்துகொள்ள நமக்குத் தகுதி குறைவென்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

அவ்வாண்டு பிப்ரவரி 13 அன்று விடியுமுன் பாக்தாதின் அமிரியா பகுதியில் இருந்த ஒரு பதுங்கிடத்தின் மேல் எஃப்-117 விமானங்கள் இரண்டு குண்டுகளை வீசின. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 900 கிலோ எடை. லேசர் ஒளி காட்டிய வழியே வந்தவை. முதற்குண்டு கற்காரைக் கூரையைத் துளைத்தது. இரண்டாவது அத்துளை வழியே உள்ளே இறங்கியது. அங்கே உறங்கிக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எரிந்தவர்களில் பலரை இன்னாரென்று பிரித்தறியவும் கூடவில்லை. அது படையின் கட்டளை நிலையம் என்று நினைத்தோம் என்றது அமெரிக்கா. நாள்காட்டியைப் புரட்டிப் பாருங்கள்: அன்று சாம்பல் புதன். பாக்தாதில் அது நிகழ்ந்து சில மணி நேரத்தில் நாம் குருமடக் கோயிலில் வரிசையில் நின்று நெற்றியில் சாம்பல் பெற்றோம். செய்தி மாலையில்தான் வந்தது.

துல்லியமான ஆயுதம் இரக்கமுள்ள ஆயுதம் என்று வாதிடுவோர் உளர். அவர் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. இரண்டாம் உலகப்போரில் ஒரு தொழிற்சாலையை அழிக்க நகரத்தையே எரித்தார்கள்; இன்று ஒரு சன்னலைக் குறிவைக்க முடிகிறது; இது முன்னேற்றம் அன்றோ என்கிறார்கள். அமிரியாவில் குண்டு குறி தவறவில்லையே! இம்மியும் பிசகாமல், சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் விழுந்தது. உள்ளே இருப்பவர் யார் என்று அறிந்ததில்தான் பிழை. 1999 மே 7 இரவு பெல்கிரேடில் பி-2 என்னும் மறை குண்டுவீச்சு விமானம் சீனத் தூதரகத்தைத் தாக்கி மூன்று சீனப் பத்திரிகையாளரைக் கொன்றபோதும், பொறி சரியாகவே வேலை செய்தது. அதற்குக் கொடுத்த முகவரி தவறு. கை எவ்வளவு நுட்பமாக எய்தாலும் கண் அறிந்ததற்கு மேல் அது அறியாது. நுட்பம் கூடக் கூட, எய்பவனின் ஐயமும் தயக்கமும் குறைந்துபோகின்றன என்பதே நம் கவலை. குறி தப்பாது என்று நம்புகிறவன், தன் அறிவு தப்பலாம் என்று நினைப்பதை விட்டுவிடுகிறான்.

அறிந்தே செய்வதும் உண்டு. 2024 ஜூலையில் காசாவின் அல்-மவாசியில், புலம்பெயர்ந்தோர் கூடாரமடித்திருந்த நிலப்பரப்பில், ஹமாஸ் தலைவர் ஒருவரைக் குறிவைத்து இஸ்ரேல் தாக்கியது. அதில் எஃப்-35 பயன்பட்டதை டென்மார்க் நாளிதழ் ஒன்று வெளிக்கொணர்ந்தது. காசா நலவாழ்வுத் துறையின் கணக்கில் இறந்தோர் 90 பேர். ஹமாஸ் 2023 அக்டோபர் 7 அன்று செய்த கொலைகளை நாம் மறக்கவில்லை. அவற்றை எவ்வகையிலும் நியாயப்படுத்தோம். நாம் கேட்பது இதுதான்: கூடாரத்தில் கிடந்தவரிடம் ரேடார் ஏது? அவருக்கு எதிராக எதற்கு மறைதிறன்?

ரேடார் இல்லாத ஊருக்கு எல்லா விமானமும் மறைவிமானமே. இதை ஈழத்து நம் சகோதரர் நன்கறிவர். 1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணத்து நவாலியில் புனித பேதுரு ஆலயத்திலும் அதன் சுற்றிலும் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மேல் இலங்கை விமானப்படையின் குண்டுகள் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதைச் செய்தது எந்த நவீன அட்டவணையிலும் இடம்பெறாத, விசிறி சுழலும் பழைய வகை விமானம். இரைச்சலை மக்கள் கேட்டார்கள், பார்த்தார்கள், கேட்டும் பார்த்தும் என்ன செய்ய இயலும்? எஃப்-22இன் விலையும் அந்தப் பழைய விமானத்தின் விலையும் மலையும் மடுவும். கீழே நின்றவருக்கு அவ்வேறுபாடு ஏதுமில்லை.

மறைந்து நின்று கொல்வது தகுமா என்னும் கேள்வி தமிழனுக்குப் புதியதன்று. கம்பனின் வாலி மார்பில் அம்பைப் பிடித்துக்கொண்டு இராமனைக் கேட்ட கேள்விகள் இன்னும் ஓயவில்லை. காரைக்குடியில் தொடங்கி ஊர்தோறும் நடக்கும் கம்பன் விழாப் பட்டிமன்றங்களில் அறிஞர்கள் அதை இன்றும் வழக்காடுகிறார்கள். நடுவர் எத்தீர்ப்பு சொன்னாலும் அவையில் பாதிப்பேர் மனம் அடங்காமலே வீடு திரும்புகிறார்கள். அந்த அடங்காமை நம் பண்பாட்டின் செல்வம் என்போம். தெய்வமே எய்த அம்பாயினும், மறைந்து எய்ததற்குக் கணக்குக் கேட்ட மரபு இது. விருப்ப நாயகன் எய்தால் வீரம் என்று கைதட்டும் மரபன்று.

திருச்சபைக்கும் இப்படியொரு பழைய நினைவு உண்டு. 1139இல் கூடிய இரண்டாம் லாத்தரன் பொதுச்சங்கம், பொறி பூட்டி விசையால் எய்யும் வில்லைத் தடைசெய்து சாபமிட்டது. கவசம் அணிந்த வீரனையும் தொலைவில் நின்று துளைக்கும் அக்காலத்து நவீன ஆயுதம் அது. பெருமைப்பட்டுக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் சட்டத்தின் வாசகத்தைப் பார்த்தால் தலை குனிய நேரிடும்: கிறிஸ்தவர்களுக்கு எதிராக அதைப் பயன்படுத்தலாகாது என்பதே தடை. பிறர்மேல் எய்வதைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. மன்னர்கள் அந்த அரைகுறைத் தடையையும் மதிக்கவில்லை. நம்மவர்மேல் விழும் குண்டுக்கு அழுது, பிறர்மேல் விழும் குண்டின் துல்லியத்தை வியக்கும் நோய் அன்றே நம்மிடம் இருந்தது. நவாலிக்காக அழும் நாம் அமிரியாவுக்காகவும் அழுதோமா? கைதட்டினோம் என்பதை மேலே எழுதிவிட்டோம்.

திருப்பாடல் ஆசிரியர் இருளிலும் மறைவிடத்திலும் இருந்து மாசற்றவர்மேல் அம்பெய்பவரைப் பற்றி ஆண்டவரிடம் முறையிடுகிறார். அவர்கள் தங்களை யாரும் காணார் என்று பேசிக்கொள்வதுதான் அவருக்கு அவ்வளவு கசக்கிறது. பதினோராவது, அறுபத்து நான்காவது திருப்பாடல்களை வாசகர் எடுத்து மெல்ல வாசிக்கும்படி வேண்டுகிறோம்.

இங்கே நம்மை மறித்து ஒருவர் கேட்பார். நமது எல்லைக்கு அப்பால் சீனா ஜே-20களை நிறுத்தியிருக்கிறது. ஜே-35ஐப் பாக்கிஸ்தானுக்குத் தர முன்வந்திருப்பதாக 2025 ஜூனில் பாக்கிஸ்தான் அரசே அறிவித்தது. நாம் மட்டும் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பதா? நேர்மையான கேள்வி. நாட்டைக் காக்கும் உரிமையும் கடமையும் அரசுக்கு உண்டென்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டில் ஏற்கிறது. படையில் பணிபுரிவோரை மதிக்கிறது. நம் பங்கிலும் படைவீரர் குடும்பங்கள் உள்ளன. அவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். இந்தியா தன் சொந்த மறைவிமானத்தை வடிவமைக்க 2024 மார்ச்சில் ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. இதனை அப்படியே கைவிட வேண்டுமென்று சொல்லும் அளவுக்கு நாம் உலகறியாதவர் அல்லோம்.

ஆனால் காவலுக்கென்று வாங்குவது காவலோடு நிற்கிறதா என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. வருவோரைத் தடுக்க ரேடாரும் தரையிலிருந்து ஏவும் கணைகளும் வேண்டும். மறைவிமானத்தின் தனிச்சிறப்போ, பிறர் வீட்டு வாசலைத் தாண்டி ஓசையின்றி உள்ளே புகுவது. பூட்டும் கன்னக்கோலும் இரும்பால் ஆனவையே, இரண்டும் ஒன்றாகிவிடா. கன்னக்கோலையும் காவற்கருவி என்றே கடைக்காரர் விற்கிறார். 2025 பிப்ரவரியில் பெங்களூரு விமானக் கண்காட்சியில் எஃப்-35ஐயும் சு-57ஐயும் ஒரே திடலில் நிறுத்தி வைத்தார்கள்; அதே வாரம் எஃப்-35ஐ இந்தியாவுக்குத் தர வழி திறப்பதாக அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வாஷிங்டனில் அறிவித்தார். திருவிழாக் கடைவீதியில் இருபுறமும் கடை விரித்துக் கூவி அழைப்பது போல இருந்தது. அந்தக் கூவலையே நம் நாளிதழ்கள் அட்டவணையாக்கித் தருகின்றன என்பதை இளைஞர் உணர வேண்டும்.

1964 டிசம்பரில் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அனைத்துலக நற்கருணை மாநாட்டுக்காகப் பம்பாய்க்கு வந்தார். நம் பெற்றோர் தலைமுறையில் பலர் இரயிலேறிச் சென்று அவரைக் கண்டு வந்தார்கள். அங்கே அவர் உலக நாடுகளுக்கு விடுத்த வேண்டுகோள் நினைவிருக்கிறதா? படைக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியையாவது ஒதுக்கி, ஏழை நாடுகளுக்கென ஒரு பெரும் உலக நிதி அமைக்கும்படி கேட்டார். 1967இல் ‘மக்களின் முன்னேற்றம்’ என்னும் சுற்றுமடலிலும் அதையே எழுதினார். இந்திய மண்ணில் நின்று கேட்ட அக்கேள்விக்கு உலகம் செவிசாய்க்கவில்லை. ஆயுதப் போட்டி ஏழைகளைப் பொறுக்கவொண்ணாத அளவு புண்படுத்தும் கொள்ளைநோய் என்று சங்கம் 1965இல் சொன்னதற்கும் அதே கதி. 2025 மே 8 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ மக்கள்முன் தோன்றிய முதல் மாலையிலேயே, ஆயுதமற்ற அமைதியை, எதிரியின் ஆயுதத்தையும் களையச்செய்யும் அமைதியைப் பற்றிப் பேசினார். அதுவும் மாடத்துப் பேச்சாகவே போய்விடுமோ என்று அஞ்சுகிறோம்.

பொதுநிலையினர் என்ன செய்ய இயலும் என்று கேட்பவர் நெதர்லாந்தைப் பார்க்கட்டும். எஃப்-35இன் உதிரிப் பாகங்கள் அந்நாட்டுக் கிடங்கு ஒன்றிலிருந்து இஸ்ரேலுக்குச் செல்கின்றன என்று அறிந்து, மூன்று அமைப்புகள் தம் சொந்த அரசின்மேல் வழக்குத் தொடுத்தன. அவற்றுள் ஒன்றான ‘பாக்ஸ்’, ‘பாக்ஸ் கிறிஸ்தி’ என்னும் கத்தோலிக்க அமைதி இயக்கத்தின் வேரிலிருந்தும் முளைத்தது. 2024 பிப்ரவரி 12 அன்று ஹேக் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுமதியை ஏழு நாளில் நிறுத்தச் சொன்னது. அரசு விடவில்லை, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2025 அக்டோபரில் அந்நீதிமன்றம், ஏற்றுமதி உரிமத்தை ஆறு வாரத்துக்குள் அரசே மறு ஆய்வு செய்யவேண்டும் என்றது. முழு வெற்றியென்று கூற இயலாது. எனினும் விமானத்தின் ஒரு திருகாணி எங்கே போகிறது, எதைச் செய்கிறது என்று அக்கறையோடு கேட்ட விசுவாசிகள் அங்கே இருந்தார்கள்.

நம் இளைஞருள் சிலர் நாளை பெங்களூரில் பொறியாளர் ஆவர். சிலர் வான்படையில் சேர்வர். அவர்களை விலக்கி வைக்க இதை எழுதவில்லை. அந்த அட்டவணையில் ஆறாவதாக ஒரு பத்தி கோடிட்டு, இவ்விமானம் இதுவரை யார் யார் தலைமேல் பறந்தது, அங்கே என்ன நடந்தது என்று நிரப்பிக்கொண்டு வரும்படி சொல்லியிருக்கிறோம். இருவர் முயல்கிறார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டு பாடற்குழுப் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவர் வீட்டுக்குச் செல்ல வேண்டும்.

அவர்களுக்குச் சொல்லாமல் வைத்திருக்கும் செய்தி இன்னும் ஒன்று உண்டு. 1999 மார்ச் 27 இரவு, எவராலும் தொட முடியாதது எனப்பட்ட எஃப்-117ஐச் செர்பியப் படையினர், 1961இல் பணிக்கு வந்த பழைய ஏவுகணை வகை ஒன்றினால் வீழ்த்தினர். நீண்ட அலை ரேடாரைச் சிறிது நேரமே இயக்கி, இடம் மாற்றிக்கொண்டே இருந்து, பொறுமையாகக் காத்திருந்து வீழ்த்தினர். அப்படைப்பிரிவை நடத்தியவர் ஸோல்டான் தானி. விமானி டேல் ஸெல்கோ குதித்து உயிர் தப்பினார். சில மணி நேரத்தில் அவர் நாட்டார் ஹெலிகாப்டரில் வந்து மீட்டுச் சென்றனர். தானி ஓய்வுபெற்றுத் தம் ஊரில் ரொட்டி சுடும் தொழிலை ஏற்றார். 2011இல் ஸெல்கோ செர்பியாவுக்குச் சென்று, தம்மைச் சுட்டு வீழ்த்தியவரின் வீட்டுக் கதவைத் தட்டினார். இருவரும் நண்பராயினர். அச்சந்திப்பைப் பற்றி ஒரு திரைப்படம் வந்துள்ளது. அதைத் தவக்காலத்தில் ஒரு மாலை நம் பங்கு மன்றத்தில் காட்ட எண்ணியிருக்கிறோம். கொடிமரத்தடிக்காரர்கள் அனைவரும் வர இசைந்திருக்கிறார்கள்.